ஆழமாக வெட்டிய பெயர்

கெய்ரோ

கெய்ரோவின் பெரிய ரயில் நிலையத்துக்கு ராம்சேஸ் என்று பெயர். அதன் முன்னால் இருக்கும் சதுக்கமும் ராம்சேஸ் சதுக்கம்தான். அங்கே 1955 முதல் நின்றிருந்த அரசர் ராம்சேஸின் சிலையை, வண்டிப் புகையும் ரயில் அதிர்வும் கெடுத்துவிடும் என்று 2006-இல் பெயர்த்தெடுத்துப் போய்விட்டார்கள். அந்த இரவில் தெருவெங்கும் ஜனம் நின்றதாம். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு தானும் நின்றதாக டாக்சி ஓட்டுநர் சொன்னார். சிலை அசைந்தபோது அழுத பெரியவர்களைப் பார்த்தாராம்.

அந்தச் சிலையை இப்போது கிசாவில் புதிய பெரிய அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் பார்க்கலாம். 11 மீட்டர் உயரம், 83 டன் எடை. பள்ளிக் குழந்தைகள் அதன் பாதத்தருகே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எகிப்து என்றதும் உலகம் நினைக்கும் அரசர்களில் இரண்டாம் ராம்சேஸ் முதல் வரிசையில் இருக்கிறார். கி.மு. 1279 முதல் 1213 வரை, அறுபத்தாறு ஆண்டு ஆண்டவர். நூறு பிள்ளைகள் வரை பெற்றவர். நைல் ஓடும் தூரமெல்லாம் கோயில் கட்டியவர். ‘மாமன்னர்’ என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயரைப் பார்ப்பது அரிது.

அந்த அடைமொழிக்கு அவர் எந்த அளவு தகுதியானவர் என்ற கேள்விதான் என்னை எகிப்துக்கு இழுத்தது. காதேஷ் போரைப் பற்றி வாசித்த நாள் முதல் அந்தச் சந்தேகம் மனத்தில் இருந்தது. புத்தகத்தில் படித்ததை அவருடைய சுவர்களிலேயே பார்க்க விரும்பினேன்.

மதியம் நெரிசலான கடையொன்றில் குஷாரி சாப்பிட்டேன். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறுப்பாக வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டும் வினிகரும் கலந்த காரநீர். கூலிக்காரரும் வங்கி ஊழியரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. சோற்றோடு மக்ரோனியா என்று நம் நாக்கு முதலில் தயங்கும். நாலாவது கவளத்தில் தயக்கம் போய்விடும்.

மாலையில் நாகரிக அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். 2021 ஏப்ரலில் 22 அரச உடல்களை ஊர்வலமாக அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மங்கிய வெளிச்சம், யாரும் உரக்கப் பேசுவதில்லை. தொண்ணூறு வயது வரை வாழ்ந்த கிழவராக ராம்சேஸ் படுத்திருக்கிறார். கூரிய மூக்கு, செம்பட்டை முடி, கெட்டுப்போன பற்கள். அவருடைய அப்பா சேத்தியின் உடலும் அங்கேதான் இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அழகு கலையாத முகம். அந்த முகத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். சேத்தியைப் பற்றி வெளியே யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அபிடோஸ்

தெற்கே போகப் போக நைலின் இரு கரையும் கரும்பாக மாறுகிறது. நாக் ஹம்மாதியைத் தாண்டினால் ஆலைக்குப் போகும் குறும்பாதை ரயில்கள், கரும்புக் கட்டுகளை முதுகுக்கு மேல் சுமந்து தள்ளாடும் கழுதை வண்டிகள், காற்றில் வெல்லப்பாகு வாசம். காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு இங்கே எதுவும் புதிதாகத் தோன்றவில்லை, ஒன்றைத் தவிர: பச்சை சட்டென்று முடிந்து, ஒரு வரப்பைத் தாண்டியதும் பாலைவனம் தொடங்குகிறது. நம் ஊரில் வயல் முடிந்தால் தரிசு, புதர், கருவேலம் என்று நிலம் மெல்ல மெல்ல வற்றும். இங்கே ஒரு கால் வயலிலும் மறு கால் மணலிலும் வைத்து நிற்கலாம்.

எனக்கு வழிகாட்டிய பெண் லக்சரில் தொல்லியல் படித்தவள். என்னை ‘உஸ்தாத்’ என்றே அழைத்தாள். அபிடோஸ் கோயிலை ஒட்டிய ஊரில் அவளுடைய அத்தை வீடு. அங்கே மண் தட்டுகளில் வைத்து வெயிலில் உப்பவைத்த மாவை அடுப்பில் சுட்டு ‘ஐஷ் ஷம்ஸி’ என்ற வெயில் ரொட்டி செய்துகொண்டிருந்தார்கள். சூடான ரொட்டியைப் பிய்த்துக் கரும்புப் பாகில் தோய்த்துத் தந்தார் அத்தை. மறுக்க மறுக்க இன்னொன்று வந்தது. விருந்தாளி போதும் என்று சொல்வதை நம்பாத பழக்கம் அந்த ஊரிலும் இருக்கிறது.

சேத்தியின் கோயில் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. உள்ளே ஏழு தெய்வங்களுக்கு ஏழு கருவறைகள். அவற்றின் சுவர்களிலுள்ள புடைப்புச் சிற்பங்களைப் போல நுட்பமானவற்றை எகிப்தில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. உருவத்தை விட்டுச் சுற்றியுள்ள கல்லை முழுவதும் செதுக்கி எடுத்தால்தான் இப்படிப்பட்ட புடைப்பு வரும். தெய்வத்தின் விரல் நகம், துணியின் மடிப்பு, அதன் கீழே முழங்காலின் வளைவு என்று ஒவ்வொன்றுக்கும் சிற்பி நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கோயில் முடியும் முன்பே சேத்தி இறந்துவிட்டார். முன்பகுதியை முடித்தவர் ராம்சேஸ். அப்பாவின் கோயில் அரைகுறையாகக் கிடந்ததையும், தாமே அதை நிறைவேற்றியதையும் முன்சுவரில் நீண்ட கல்வெட்டாக எழுதிவைத்திருக்கிறார். உள்ளிருந்து வெளியே நடந்து வந்தால் கை மாறியது தெரிகிறது. இங்கே உருவத்தின் ஓரத்தை மட்டும் உள்ளே வெட்டிவிட்டார்கள். சுற்றியுள்ள கல்லை எடுக்க வேண்டியதில்லை, அதனால் வேலை சீக்கிரம் முடியும். வெயில் பட்டால் கோடு எடுப்பாகத் தெரியும் என்பதால் வெளிச்சுவருக்கு எகிப்தியர் வழக்கமாகக் கையாளும் முறைதான் இது. அதையே நிழலான மண்டபத்துக்குள்ளும் கொண்டுவந்தது அவசரம். இன்னொரு பயனும் உண்டு. ஆழமாக வெட்டிய பெயரைப் பின்னால் வரும் அரசன் எளிதில் அழிக்க முடியாது.

பெயர் அழிக்கும் கலையை அந்தக் குடும்பம் நன்றாக அறிந்திருந்தது. கோயிலின் ஒரு நடையில் 76 அரசர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. சேத்தி நிற்க, சிறுவனான ராம்சேஸ் ஓலைச்சுருளைப் பிடித்திருக்கிறான். அந்தப் பட்டியலில் அரசி ஹாட்ஷெப்சுட் இல்லை, அகனாடென் இல்லை, துட்டன்காமுன் இல்லை. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த மூவர் அவர்கள்.

கர்னாக்

கர்னாக் தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவிலுள்ள பன்னிரண்டும் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். வடபாதியில் சேத்தியின் புடைப்புகள், தென்பாதியில் ராம்சேஸின் உள்வெட்டு. தென்பாதியில் சில இடங்களில் அவர் முதலில் புடைப்பாகத் தொடங்கி, பிறகு உள்வெட்டுக்கு மாறியிருப்பதை வழிகாட்டி சுட்டிக்காட்டினாள். ஆனாலும் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து, “ராம்சேஸ் கட்டிய மண்டபம்” என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். அருகிலுள்ள லக்சர் கோயிலிலும் இதே கதை. முன்முற்றத்தில் நிற்கும் சிலைகளில் சில, அவருக்கு முன்னால் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப்புடையவை. முகத்தையும் இடையையும் திருத்திப் பெயரை மாற்றித் தமதாக்கிக்கொண்டார்.

லக்சர் கோயில் வாயிலில்தான் காதேஷைப் பார்த்தேன். அந்தி வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தச் சுவரைப் படிப்பது எளிது. கி.மு. 1274 வாக்கில், தம் ஐந்தாம் ஆட்சியாண்டில், நான்கு படைப்பிரிவுகளோடு இன்றைய சிரியாவிலுள்ள காதேஷ் கோட்டையைப் பிடிக்கப் போனார் ராம்சேஸ். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசன் முவத்தல்லியின் படை தூரத்தில் அலெப்போ பக்கம் இருக்கிறது என்று நாடோடிகள் இருவர் சொன்னதை நம்பினார். மற்றப் பிரிவுகள் பின்தங்க, ஒரு பிரிவோடு முன்னால் போய்ப் பாசறை அடித்தார். ஹிட்டைட்டுகளோ கோட்டைக்குப் பின்னாலேயே மறைந்திருந்தார்கள். பிடிபட்ட ஒற்றர்களை அடித்து உண்மையைக் கேட்டபோது நேரம் கடந்துவிட்டது. எதிரியின் தேர்ப்படை ஆற்றைக் கடந்து, வந்துகொண்டிருந்த இரண்டாம் பிரிவைச் சிதறடித்துப் பாசறைக்குள் புகுந்தது. அரசரே தேரேறிப் போரிட்டார். கடற்கரைப் பக்கமிருந்து துணைப்படை வந்து சேர்ந்ததால் பிழைத்தார்கள். கோட்டை விழவில்லை. எகிப்தியப் படை ஊர் திரும்பியது, ஹிட்டைட்டுகள் டமாஸ்கஸ் வட்டாரம் வரை முன்னேறினார்கள்.

இந்தப் போரைத்தான் அபிடோஸ், கர்னாக், லக்சர், ராமெசியம், அபு சிம்பல் என்று கோயில் கோயிலாகச் சுவர் நிறைய வெற்றியாக வரைந்தார். படை ஓடிப்போனது, அமுன் தெய்வம் கைகொடுத்தது, தாம் ஒற்றை ஆளாக ஆயிரக்கணக்கான தேர்களை வென்றது என்று பாட்டாகவும் பொறித்தார். கைவிடாமல் நின்ற இரு குதிரைகளின் பெயரைச் சொல்லி, இனி நாள்தோறும் தம் கண்முன்னே அவற்றுக்குத் தீனி வைக்கப்படும் என்கிறார். அந்த இடம் என் நெஞ்சைத் தொட்டது. அன்று அவர் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தத் துணிச்சல் தேவைப்படும்படி படையைக் கொண்டுபோய் மாட்டிவிட்டவரும் அவரே. அடிபடும் ஒற்றர்களின் படம் அவருடைய சுவரிலேயே அதற்குச் சாட்சி.

நமக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. ராஜராஜன் காலம் முதல் ஒவ்வொரு சோழனும் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லித்தான் கல்வெட்டைத் தொடங்கினான். அவற்றையும் வரிக்கு வரி நம்ப முடியாது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தப் புகழுரையைத் தாண்டிப் படித்தால் தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர் வருகிறது, எந்தத் தெரு எந்த வீடு என்பதோடு. கோயில் எழுப்பிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் இருக்கிறது. ராம்சேஸின் சுவர்களில் அப்படியொரு சிற்பியின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை வழிகாட்டி என்னைத் தூண் மண்டபத்தின் தெற்கே, கூட்டம் வராத ஒரு வெளிச்சுவருக்கு அழைத்துப் போனாள்.

“இதைப் பார்க்காமல் போகக் கூடாது உஸ்தாத். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே இந்தச் சுவருக்காகத்தான்” என்றாள்.

படம் அதிகமில்லை, வரிசை வரிசையாக எழுத்துதான். காதேஷ் முடிந்து பதினைந்து ஆண்டு கழித்து, கி.மு. 1259 வாக்கில், ஹிட்டைட் அரசன் ஹத்துசிலியோடு ராம்சேஸ் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை அது. ஹிட்டைட்டுகளின் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைப் பிரதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. அதன் நகல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் நாட்டின் மீது மற்றவர் படையெடுப்பதில்லை, மூன்றாமவர் தாக்கினால் உதவிக்கு வருவது, ஓடிப்போனவரைத் திருப்பி அனுப்புவது என்று ஷரத்துகள் போகின்றன. திருப்பி அனுப்பப்பட்டவன் மீது குற்றம் சாட்டக்கூடாது, அவன் வீட்டையும் மனைவி மக்களையும் அழிக்கக்கூடாது, அவனுடைய கண்ணையோ காதையோ வாயையோ காலையோ ஊனப்படுத்தக்கூடாது என்ற ஷரத்தை அவள் விரலால் காற்றில் கோடிட்டுப் படித்துக் காட்டினாள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் இரண்டு பேரரசுகள் ஒரு சாதாரண அகதியின் காதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கின்றன. அதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்தச் சமாதானம் ஹிட்டைட் பேரரசு இருந்தவரை முறியவில்லை. ராம்சேஸின் அரசி நெஃபெர்தாரியும் ஹத்துசிலியின் அரசி புதுஹெபாவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு தலைமுறைச் சிப்பாய்களும் அவர்கள் பிள்ளைகளும் சிரியாவில் சாகாமல் வீட்டில் இருந்தார்கள். ராம்சேஸ் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதிலும் ஹிட்டைட் தூதர்கள் சமாதானம் கேட்டு வந்து நின்றதாகவே எழுத வைத்திருக்கிறார். வெல்லாத போருக்கு இத்தனை கோயில்களில் சுவர் கிடைத்தது. நிறுத்திய போருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்.

மேற்குக் கரை

ராமெசியத்தில் அவருடைய மாபெரும் கருங்கல் சிலை விழுந்து உடைந்து கிடக்கிறது. ஆயிரம் டன் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதே கோயிலின் இன்னொரு சிலைத்தலையை 1816-இல் இத்தாலியரான பெல்சோனி லண்டனுக்கு அனுப்புவதற்காகப் பெயர்த்தெடுத்தார். அரசர் பள்ளத்தாக்கிலுள்ள அவருடைய கல்லறையோ வெள்ளத்தால் சிதைந்துபோனது. ராம்சேஸின் உடைந்த சிலையைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையால் இந்த இடிபாடுகளுக்குப் போதிய புகழ் கிடைத்துவிட்டது. நான் அங்கே அதிகம் தங்கவில்லை.

அருகில் தெய்ர் எல் மெதீனா. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த ஊர். முழங்கால் உயரச் சுவர்கள், ஒரே தெரு, இருபுறமும் நெருக்கமான சிறு வீடுகள். படிக்கல், அடுப்பு, நிலவறை எல்லாம் அப்படியே தெரிகின்றன. கர்னாக்கில் கிடைக்காத பெயர்கள் இந்த ஊரில் கிடைக்கின்றன. சுண்ணாம்புக் கல் சில்லுகளில் இவர்கள் எழுதிய கணக்கு, கடன், சண்டை, காதல் பாட்டு ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ராம்சேஸின் நாற்பதாம் ஆட்சியாண்டின் வருகைப் பதிவு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பது தொழிலாளர் வேலைக்கு வராத நாளும் காரணமும் அதில் பெயரோடு உண்டு: உடம்பு சரியில்லை, தேள் கொட்டிவிட்டது, பீர் காய்ச்சினான், தாயின் சடலத்தைப் பதம் செய்தான்.

அந்த ஊர்க்காரனான செனெஜெம் தனக்குத் தானே கட்டிக்கொண்ட கல்லறைக்குள் குனிந்து இறங்கினேன். ஒரு சிறிய அறை. மஞ்சள் பூசிய சுவரில் அவனும் மனைவி ஈநெஃபெர்தியும் மறுவுலக வயலில் உழுகிறார்கள். அவன் ஏர் பிடிக்க, அவள் பின்னால் விதைத்துக்கொண்டே வருகிறாள். சுற்றிலும் வாய்க்கால், கீழே பேரீச்சையும் பழமரங்களும். பகலில் அரசருக்காக வேலை செய்த கை, தனக்கென்று செய்தபோது இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறது. எகிப்தில் நான் பார்த்ததில் திரும்பவும் பார்க்க ஏங்குவது அந்த அறையை.

அபு சிம்பல்

அஸ்வானில் செம்பருத்தி இனப் பூவில் காய்ச்சிய கர்கடே குடித்துவிட்டு, விடியுமுன் பாலைவனத்தில் தெற்கே கிளம்பினோம். நூபியரான ஓட்டுநர் வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்.

அபு சிம்பல் முகப்பில் உட்கார்ந்திருக்கும் நான்கு ராம்சேஸ்களையும் முதன்முதலில் பார்க்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றும் 20 மீட்டர். ஒன்று பழங்காலத்திலேயே உடைந்து, தலை காலடியில் கிடக்கிறது. உள்ளே வடசுவர் முழுக்க மறுபடியும் காதேஷ். கருவறையில் மூன்று தெய்வங்களோடு தெய்வமாக அவரும் அமர்ந்திருக்கிறார். பக்கத்துக் கோயிலில் நெஃபெர்தாரியின் சிலைகளைத் தமக்குச் சமமான உயரத்தில் நிறுத்தியிருக்கிறார். அதற்காக அவரை மெச்சவே தோன்றியது.

அஸ்வான் உயர் அணையின் நீர் இந்தக் கோயில்களை மூழ்கடித்துவிடும் என்றானபோது உலகமே கைகோத்தது. 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோவின் முயற்சியில் மலையைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கிப் பொருத்தினார்கள். பொருத்திய இடம் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் எளிதில் தெரிவதில்லை. அதே அணைக்காக எகிப்தின் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 50,000 நூபியர் வீடிழந்தார்கள்.

நாஸ்ர் எல் நூபா

திரும்பும் வழியில் ஓட்டுநர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். நூபியரைக் குடியேற்றிய இந்தப் பகுதி கோம் ஓம்போ அருகே, ஆற்றை விட்டுத் தள்ளி இருக்கிறது. மூழ்கிய ஊர்களின் பெயர்களையே புது ஊர்களுக்கும் வைத்திருக்கிறார்கள். அபு சிம்பலுக்குத் தெற்கே இருந்த பல்லானாதான் அவருடைய ஊர். இப்போதைய பல்லானாவில் ஒரே அளவு வீடுகள் நேர்கோட்டில் நிற்கின்றன. திண்ணைக்கும் கதவுக்கும் மட்டும் மக்கள் நீலமும் வெள்ளையும் பூசித் தங்களுடையதாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய பாட்டி ஊரைவிட்டு வரும்போது சிறுமி. கிளம்பும் நாளில் எல்லோரும் இடுகாட்டுக்குப் போய் முன்னோர் சமாதிகளில் தண்ணீர் தெளித்தார்கள் என்றார். மேட்டூர் அணைக்குள்ளும் ஊர்கள் போயின என்று சொன்னேன். நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜனங்கள் போய்ப் பார்ப்பார்களா என்று கேட்டார். போவார்கள், படகில் போவார்கள், நீர் இன்னும் இறங்கினால் நடந்தே போவார்கள் என்றேன். பேரன் மொழிபெயர்த்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராம்சேஸைப் பற்றிக் கேட்டேன்.

“என் அப்பா அலெக்சாண்ட்ரியாவில் சமையல்காரர், மகனே. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஷெல்லால் துறையில் தபால் கப்பல் ஏறினால் அந்தக் கல் மனிதர்கள் தெரியும்வரை யாரும் மூட்டையைக் கட்டமாட்டார்கள். அவர்கள் தெரிந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். கப்பலில் இருக்கும் பெண்கள் குலவையிடுவார்கள்.”

அந்தக் கல் மனிதரின் பெயர் அப்போது உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

“பெயரா? பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். நாங்கள் நாலு பேர் என்றுதான் சொல்வோம். நாலு பேர் வந்தாச்சு, எழுந்திரு, பாத்திரத்தை எடு, தங்கச்சியைப் பிடித்துக்கொள், என்பாள் அம்மா.”